காய்ச்சல் இறங்கிய புதன்கிழமை

புகை வருகிறது. மாலை ஐந்து நாற்பது. செவ்வாய்க்கிழமை. தோளில் தொங்கும் இயந்திரம் மோட்டார் சைக்கிளைப் போல இரைகிறது. நிற்கிறது. மறுபடியும் இரைகிறது. "கெலுவார்! கெலுவார்! எல்லாரும் வெளிய!" சுகாதார இலாகா ஆட்கள் லைன் வீடுகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டே வருகிறார்கள். பெண்கள் சோற்றுப் பானையை மூடிவிட்டு ஓடுகிறார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. ஒருத்தி கையில் கோழிக்கூடை. எல்லோரும் திடலை நோக்கி.

நான் ஓடவில்லை. ஐந்தாம் வீட்டு வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறேன். தலைக்கு மேல் நிலையில் வேப்பிலைக் கொத்து. எனக்குப் பின்னால் பாயில் என் அக்கா கனகம்.

"ஜாங்ஙான் மாசோக்! உள்ள வராதீங்க! அம்மா வந்திருக்கா!"

கத்தியது நான்தான். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

கொசுப் புகை அடிப்பவர் மலாய்க்காரர். எங்கள் தோட்டங்களில் பழகியவர். வேப்பிலையைப் பார்த்தார். தலையைத் தாழ்த்தினார். ஆறாம் வீட்டுக்குப் போய்விட்டார். பத்து வீடுகளில் ஒன்பதில் கொசு செத்தது. எங்கள் வீட்டில் சாகவில்லை.

அது 1996. மலேசியாவில் லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நான் தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியை. பத்திரிகை படிப்பேன். கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சலைப் பற்றி வந்த கட்டுரையைக் கத்தரித்துப் பள்ளிச் சுவரில் ஒட்டியவளே நான்தான். அக்கா பால்மரம் சீவுபவள். அவளுக்கு ஆறு ஆண்டுகளாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் மாத்திரை.

சனிக்கிழமை காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். எலும்பை முறுக்கிப் பிழிவதுபோல் இருக்கிறது என்றாள். ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை காலை நெஞ்சிலும் கையிலும் சிவப்பு. பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை வந்து பார்த்தார். விளக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

"முத்துப் போட்டிருக்குடி. அம்மாதான்."

அக்காவின் கையை நான் தடவிப் பார்த்தேன். விரலில் எதுவும் தட்டுப்படவில்லை. அம்மை முத்தென்றால் தட்டுப்படும். உள்ளே நீர் இருக்கும். இது தோலோடு தோலாகச் சிவந்திருந்தது. எனக்கு அப்போதே தெரிந்தது.

"அத்த, இது டிங்கி மாதிரி இருக்கு. பேப்பர்ல போட்டிருந்தான்."

"பேப்பர்காரன் நம்ம லைனுக்கு வந்து பாத்தானா டீச்சரு? சும்மா இரு லா. ஆத்தா காதுல விழுந்துறப் போவுது."

அக்கா பாயில் கிடந்தபடியே சிரித்தாள். "எனக்குத்தான் இனிப்பு நீராச்சே. ஆத்தாவுக்கும் இனிப்புப் புடிக்கும்போல. தேடி வந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போய் வேப்பங்கொத்தை வெட்டி வந்தேன். எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டபோது அக்காதான் வேப்பிலையால் வருடிவிட்டாள். நமைச்சல் அடங்கியது. நான் பிழைத்தேன். அந்த வழக்கத்தில் குறையில்லை. ஆளைத் தனியே வைத்தது. உடம்பைக் குளிர்வித்தது. அம்மைக்கு அது சரி. வந்தது அம்மையில்லை.

அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது. இனிப்பு நீர் மாத்திரையும் நின்றது. சூடு தணிய இளநீர் கொடுத்தோம். சீனி போட்டுக் கூழ் கொடுத்தோம். பானகம் கொடுத்தோம். அத்தனையும் அன்பு. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். செவ்வாய்க்கிழமை வந்தார். வேப்பிலையைக் கண்டு அவரும் படியேறவில்லை. வாசலில் நின்றே, "எத்தன நாளு?" என்றார். "மூணு" என்றார் அத்தான். தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மாலைதான் புகை.

புதன்கிழமை. காலை பதினொரு மணி. அக்காவின் நெற்றியில் கை வைக்கிறேன். காய்ச்சல் இல்லை. வியர்த்திருக்கிறது. முனியம்மா அத்தை லைன் முழுக்கக் கேட்கும்படி கூவுகிறார். "அம்மா எறங்கிட்டா! எறங்கிட்டா!" அத்தான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். யாரோ சூடம் ஏற்றுகிறார்கள். எனக்கும் மகிழ்ச்சி. சுவரில் ஒட்டிய கட்டுரை எனக்கே மறந்துபோகிறது. அதில் எழுதியிருந்தது: காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம்.

அன்றிரவு அவள் வயிறு வலிக்கிறது என்றாள். இரண்டு முறை வாந்தி. கைகள் ஜில்லிட்டிருந்தன. "குளுந்துட்டா, நல்லதுதான்" என்றார்கள்.

வியாழன் காலை ஏழரை. தலைக்குத் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட நீர். முதல் சொம்பு. இரண்டாம் சொம்பு. மூன்றாவதற்கு அவள் சாய்ந்தாள். சத்தமே இல்லை. சொம்பு விழுந்த சத்தம்தான். "வேன எடு! வேன எடு!" அத்தான் ஈர வேட்டியோடு ஓடினார். டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். வழி முழுக்க அவள் நாடியைத் தேடினேன். கிடைத்தது. நழுவியது. மறுபடி கிடைத்தது.

அங்கே தமிழ் டாக்டர் ஒருவர். இளம் பெண். என்னைத்தான் கேட்டார். "காய்ச்சல் எப்ப எறங்குச்சு?"

"நேத்து காலைல பதினோரு மணிக்கு." நல்ல செய்தியைச் சொல்வதுபோல் சொன்னேன்.

"அப்பவே கொண்டாந்திருக்கணும்கா."

பிறகு பொறுமையாக விளக்கினார். காய்ச்சல் இறங்கும்போது இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர் வெளியேறி நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். எஞ்சிய இரத்தம் கெட்டியாகும். இதயம் அதைத் தள்ள முடியாமல் திணறும். அக்காவுக்குச் சர்க்கரையும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஏறிய சர்க்கரை சிறுநீரோடு போகும்போது உடம்பின் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஒன்று கொசுவால் வந்த நோய். மற்றொன்று யாரிடமிருந்தும் ஒட்டாத நோய். இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நீரை இறைத்தன. நாங்கள் சீனியை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு அக்கா போய்விட்டாள்.

தோட்டத்தில், "ஆத்தா கூட்டிக்கிட்டா" என்றார்கள். நான் மறுத்தேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "படிச்சவ, துக்கத்துல பேசுறா" என்றார்கள். எங்கள் வீட்டுக் கொசு யாருக்கும் காத்திருக்கவில்லை. அடுத்த மூன்று வாரங்களில் லைனில் இன்னும் ஐந்து பேர் படுத்தார்கள்.

கடைசியாகப் படுத்தவள் முனியம்மா அத்தையின் மகள் செல்வி. வேலை முடிந்து வந்து காய்ச்சலோடு படுத்தாள். நான்காம் நாள், பட்டப்பகல், பாலர் பள்ளி வாசலில் செருப்பில்லாமல் அத்தை.

"டீச்சரு! ஓடியா! செல்விக்குக் காய்ச்சல் எறங்கிருச்சு!"

அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் கண்டதில்லை. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். செல்வி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். பிழைத்தாள்.

லைனில் பத்து வீடு. காய்ச்சல் கண்டவர்கள் ஆறு பேர். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மூவர். திரும்பியவர்கள் இருவர். திரும்பாதவள் கனகம், வயது முப்பத்தெட்டு. தாயை இழந்த பிள்ளைகள் இருவர். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்கள் மூன்று: திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.