காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்

இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரியில் எப்படி இடம் வாங்கினாய் என்று கேட்டீர்கள். எனக்குக் கோபமில்லை, எல்லோரும் கேட்பதுதான். எங்கள் தெருத் தபால்காரர் கேட்டார். சித்தி தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன்னால் கேட்டாள். நேர்முகத் தேர்விலும், இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எப்படி இங்கே வந்தாய் என்று கேட்டார்கள். நான் பாதி சொல்வதற்குள் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீங்கள் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்து, நிதானமாகச் சொல் என்கிறீர்கள். அதனால் முழுப் பதிலையும் சொல்கிறேன், மேடம்.

பள்ளி இறுதித் தேர்வில் எனக்கு உயிரியலும் வேதியியலும் சுமார்தான். படிக்காமல் இல்லை. சரியான விடையை முதலிலேயே எழுதிவிடுவேன். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்க்கப் பார்க்க அது தப்பு மாதிரித் தெரியும். அடித்துவிட்டு வேறொன்றை எழுதுவேன். பிறகு விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, நான் அடித்தவை பெரும்பாலும் சரி, விட்டுவைத்தவை தப்பு. வீட்டிலும் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவேன். மாலை வகுப்பில் எனக்கு 'மறுபடி' என்று பெயர். ஆசிரியர் எதைச் சொன்னாலும் மறுபடி சொல்லச் சொல்வேனாம்.

அந்த வகுப்பு, தேர்வைத் திரும்ப எழுதுகிறவர்களுக்கானது. சலவைக் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. கீழே இஸ்திரி போடும் ஆவி ஏறி வந்து, சுவர் எப்போதும் வியர்த்திருக்கும். அங்கேதான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு வேதியியல் ஆசிரியர் வைத்த பெயர் 'கடிகாரம்'. ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. எழுதிய விடையை அடித்ததில்லை. அவளுக்கும் பள்ளியில் மதிப்பெண் குறைவுதான். ஆனால் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். தேர்வு நடந்தபோது அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா இல்லாத வீடு. வராந்தாவில் உட்கார்ந்து படித்துவிட்டு நேரே தேர்வுக்குப் போனவள் அவள். என்னிடம் அப்படிக் காரணம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் கல்லுப்போல் இருந்தார்கள்.

திரும்ப எழுதுகிறவர்களுக்கு அந்தக் கல்லூரியில் ஒதுக்கியிருப்பது ஒரே ஓர் இடம். இருவருக்கும் இந்த முறை மதிப்பெண் கூடியது, இருவரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் பயிற்சி கொடுத்ததுகூட அவள்தான். இடம் அவளுக்குக் கிடைத்தது. எனக்கு, காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் என்று வந்தது. கல்லூரி திறப்பதற்குள் அவள் வேண்டாம் என்றால் அது என்னுடையது. அடுத்த ஆண்டிலிருந்து அந்த ஒதுக்கீடே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கு மனசு மாறினாப் போதும், இல்ல?"

அம்மா எதையும் நினைத்துச் சொல்லவில்லை. அவளை இதில் சேர்க்காதீர்கள்.

பகலில் நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். முதலாளிதான் கண்ணைச் சோதிப்பார். பக்கத்தில் நின்று வில்லைகளை எடுத்துக் கொடுப்பதும், எது தெளிவு என்று கேட்பதும் என் வேலை. முன்னால காட்டினதா, இப்பக் காட்டுறதா? ஆரம்பத்தில் எனக்கு நம்பிக்கை போதாமல், ஒரே வில்லையை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பேன். முன்பு தெளிவாகத் தெரிகிறது என்றவர் தயங்குவார். பிறகு, மங்கல்தான் என்பார். வில்லை மாறவேயில்லை. முதலாளி ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு தடவைக்கு மேல கேக்காதம்மா. மூணாந்தடவை அவங்க தன் கண்ணால பாக்க மாட்டாங்க. உன் வாயாலதான் பாப்பாங்க."

நல்ல மனிதர். அவர் சொன்னதைக் கடையில் ஒரு நாளும் மீறியதில்லை.

அவளிடம் முதலில் நான் செய்தது கேட்டது மட்டும்தான். கல்லூரி திறக்கும்வரை முதலாண்டுப் பாடம் நடத்துகிறோம் என்று எங்களை அந்த மாலை வகுப்புக்குத் தொடர்ந்து வரச் சொல்லியிருந்தார்கள். போகும்போது அவளை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போவேன். பேருந்து நிறுத்தத்தில், அடுப்பை அணைத்தாயா என்று கேட்பேன். அணைத்தேனே என்பாள். சரி என்று விட்டுவிடுவேன். கொஞ்சம் பொறுத்து, நல்லா ஞாபகம் இருக்கில்ல என்பேன். சிரிப்பாள். 'மறுபடி'யோடு சேர்ந்தால் நானும் மறுபடி ஆகிவிடுவேன் என்று கேலி செய்வாள். பேருந்து தெருமுனையில் தெரியும்போது மூன்றாவது தடவை கேட்பேன். ஒரு நாள் அவள் திரும்பி ஓடினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அதுவரை நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேயத்தான் செய்தது, ஆனால் மெதுவாக. கல்லூரி திறக்கும் நாள் அதைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது. அதனால் சில பொருட்களை இடம் மாற்றினேன். ஆணியில் மாட்டிய சாவி அவள் பைக்குள் இருக்கும். மேசையில் வைத்த மூக்குக்கண்ணாடி குளியலறையில் இருக்கும். புதன்கிழமை சந்திப்போம் என்று பேசிவிட்டு, வியாழக்கிழமை என்றல்லவா சொன்னாய் என்பேன். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும், இன்றைக்கு அளவு மீறிவிட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். எனக்கு எதிலும் சந்தேகம்தானே. ஒவ்வொரு நாளும் இல்லை என்றுதான் பட்டது.

ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் வேதியியல் விடையை அடித்தாள். முதன்முறையாக. அடிப்பதற்கு முன் அது சரியாக இருந்தது. ஆசிரியர், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துட்டாங்க போலிருக்கு என்றார். வகுப்பே சிரித்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு என்னமோ ஆகுதுடி. செஞ்சேனா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. நாளைக்கு ஒரு நோயாளி முன்னால இப்படி நின்னா?"

நான் அவள் கையை விடவில்லை. அதெல்லாம் பழகிவிடும் என்றேன். பிறகு, எதற்கும் நன்றாக யோசித்துக்கொள், உயிர் விஷயம் என்றேன். ஒரு சிநேகிதி சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

என்னைச் சந்தேகப்பட்டவர் அவள் அப்பா ஒருவர்தான். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனம். சன்னலோர நாற்காலியில் கால்மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவள் முகம் கழுவப் போயிருந்தபோது கேட்டார்:

"ஏம்மா, டிக்கெட் எடுக்காதவனை எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா?"

தெரியவில்லை அப்பா என்றேன்.

"முழிக்கிறவன் எடுத்திருப்பான், எங்கேயோ வச்சிட்டுத் தேடுவான். எடுக்காதவன்தான் சாவகாசமா வேடிக்கை பாத்துட்டு வருவான்." என்னையே பார்த்தார். "நீ வந்துட்டுப் போனா இந்த வீட்டுல ஏதாச்சும் ஒண்ணு இடம் மாறியிருக்கு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குள் அவள் துண்டோடு வந்துவிட்டாள், பேச்சு அதோடு நின்றது. மகளிடம் சொன்னாரா என்று தெரியாது. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். அவளுக்கு அப்போது நான் ஒருத்திதான் சாட்சி. அடுப்பு அணைந்ததா, கதவு பூட்டியதா என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள்.

இதற்குப் பிறகுதான் மாத்திரை டப்பா. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரிசைக்காகச் சொல்கிறேன்.

கிழமைக்கு ஓர் அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் டப்பா அது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரையை மாலையில், வகுப்புக்குக் கிளம்புமுன் அவள் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு உடை மாற்றப் போவாள். அந்த இடைவெளியில் நான் சமையலறையில் தனியாக இருப்பேன். மீதி மாத்திரைகள் அட்டையோடு இழுப்பறையில் இருக்கும். அதிலிருந்து ஒன்றைப் பிரித்து, காலியான அன்றைய அறையில் வைத்து மூடினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவள் தலைவாரி வந்ததும், அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டேன். கொடுத்தேனே என்றாள். ஆனால் இப்போதெல்லாம் அவள் எதையும் பார்க்காமல் நம்புவதில்லை. டப்பாவைத் திறந்தாள். மாத்திரை இருந்தது. அதை எடுத்தாள். தண்ணீரோடு அப்பாவிடம் போனாள்.

"இப்பத்தானேம்மா குடுத்தே" என்றார் அவர்.

"டப்பாவுலயே இருக்குப்பா." அவள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் கையை நீட்டினார்.

"சரி, குடு. உனக்கு மறதி இல்லம்மா. எனக்குத்தான் வயசாச்சு."

அவருக்கு ஞாபகமெல்லாம் நன்றாகவே இருந்தது, மேடம். மகள் தன்னைத்தானே நம்பாமல் போவதைப் பார்க்க முடியாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். எனக்கு அது புரிந்தது. நான் மனிதர்களைக் கவனிப்பேன். நேர்முகத்தில் அதைக் கேட்டிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் அவருக்குத் தலைசுற்றல் என்று சொன்னாள். நாடி மெதுவாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன், படிப்புக்கு உதவும் என்று. அன்று மாலையும் வைத்தேன். அதற்கு அடுத்த மாலையும் வைத்தேன். அன்று நாங்கள் வகுப்பிலிருந்து திரும்பியபோது, அவர் நாற்காலியிலேயே போயிருந்தார். போர்வை நழுவவில்லை. தூங்குகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். என்னைத்தான் தொட்டுப் பார்க்கச் சொன்னாள், அவள் கைமேல் அவளுக்கு நம்பிக்கையில்லையாம். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"நான்தான்டி அப்பாவைக் கொன்னுட்டேன். அட்டையில மூணு குறையுது. நானே மறந்து டப்பாவுல திரும்ப வச்சு, ரெண்டு ரெண்டாக் குடுத்திருக்கேன்."

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வெளியில் சொல்லாதே என்றேன். அவளுக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது. அந்த வாரமே இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். கல்லூரி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அவள் கையெழுத்துப் போடும்போது காகிதம் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்து, நீயாவது நல்ல டாக்டராகு என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அவளே உங்களிடம் வந்து, அப்பாவைக் கொன்றவள் நான், என்னை உள்ளே வையுங்கள் என்று உட்கார்ந்திருக்கிறாள். அவள் மறதிக்காரிதானா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் சொன்னது தப்பான விடை. தப்பான விடையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அவள் எதையும் மறக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் ஒரு மாத்திரை சரியாகக் கொடுத்தாள். இரண்டாவதை வைத்தது நான்.

இரண்டு கூடாது என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். நேர்முகத்துக்குத் தயார்ப்படுத்தியபோது அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். மறந்துபோனால் விட்டுவிடலாம், இரண்டாவது தடவை மட்டும் கொடுக்கவே கூடாது என்று அவள் அப்பாவின் மாத்திரையையே உதாரணம் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்லச் சொன்னேன். பொறுமையாக மறுபடி சொன்னாள்.

கல்லூரி விஷயம் என்ன ஆகும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் எங்களை முதன்முதலாக வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வெள்ளை அங்கியை அம்மா துவைத்து வைத்திருக்கிறாள். என்னை எடுத்துவிட்டாலும் அந்த இடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பொறாமையில் சொல்லவில்லை. நான் யார் கையையும் பிடித்து மாத்திரையைக் கொடுக்க வைக்கவில்லை. கேட்டேன். கொடுத்துவிட்டேன் என்று அவள் ஒரே ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால், நானே அதை எடுத்து அட்டையோடு வைத்திருப்பேன். அத்தனை பேர் உயிரைக் கையில் எடுக்கப்போகிறவளுக்கு அந்த உறுதி வேண்டாமா? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், டப்பாவில் எது இருந்தாலும் அந்த மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.