ஜிபினின் பெட்டியும் உப்புக்காற்றும்

“ஏலே, இந்தச் சவத்துப் பெட்டி இன்னைக்காவது தொறக்குமா, தொறக்காதா?”

“நீ கத்தினா போர்டு சரியாவுமாக்கா? கொஞ்சம் மாறி இரி.”

“மூணு மாசமா இதையேதாம்லே சொல்லிய. குவைத்துல எட்டு வருசம் என்னத்தப் படிச்ச?”

“குவைத்துல சர்வர் ரூமுக்கு ஏசி உண்டு. இஞ்ச உப்புக்காத்துதான் உண்டு.”

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். போனால் அடுத்த வீட்டுச் சத்தம் கேட்கும்.

மண்டைக்காட்டிலிருந்து கரையோரமாக அரைமணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். என் பெயர் வேளாங்கண்ணி. ஊரில் ‘வயர்லெஸ் மாமி’ என்பார்கள். என் வீட்டுக்காரர் வள்ளம் வைத்திருந்த காலத்தில், கடலில் இருப்பவர்களோடு பேச வாங்கிய செட் இன்னும் அடுக்களை அலமாரியில் இருக்கிறது. அவர் செத்த பிறகும் நான் அதை அணைக்கவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை எங்கள் கரையில் திறந்திருக்கும் செட் அது ஒன்றுதான். யாருக்குச் சாளை பட்டது, யாருக்கு வெறும் வலை, யார் பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு சோற்றுத் தூக்கை எடுக்காமல் போனான் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். கரைக்குச் சேதி சொல்ல வேண்டியவர்கள் என்னிடம் சொல்வார்கள். நான் போய்ச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

பக்கத்து வீட்டு ஜிபின் 2012இல் குவைத்திலிருந்து திரும்பிவந்தான். திருவனந்தபுரத்தில் ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட சர்வர் மதர்போர்டை ஆக்கர் கடையில் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, நாலு ஹார்ட் டிஸ்க் மாட்டி, மாடியில் ஏரியல் நட்டு, வயர்லெஸ்ஸில் போகிற பேச்சையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் பிடித்து வைத்தான். எந்த மாதம் எந்தப் பக்கம் மீன் பட்டது என்று பின்னால் தேடிப் பார்க்கலாமாம். ஊரார் பேச்சைச் சேர்த்து வைப்பது நாற்பது வருடமாக நான் செய்துவரும் வேலை. கரண்டு வேண்டாமல் செய்கிறேன். என்ன, அந்தப் பெட்டி எதையும் கூட்டாது, குறைக்காது. அதை ஒரு குறையாகத்தான் நான் அப்போது நினைத்தேன்.

2013 ஆகஸ்டில் ஜிபினின் மச்சான் ஜான்ரோஸ் காணாமல் போனான். அக்கா கிளாராவின் புருஷன். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குத் தனியாகப் போனவன், வள்ளமும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. மறுநாள் ஜிபினின் பெட்டி தானாகவே நின்றது. பழைய போர்டு, அதற்கும் ஒரு நாள் வரும். அது என் வேலை அல்ல.

மூன்றாம் நாள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஜான்ரோஸுக்குக் கொல்லத்தில் வேறொரு குடும்பம் இருக்கிறது, வள்ளத்தோடு அங்கே போய்விட்டான் என்று. அதுவரை தேடிக்கொண்டிருந்த வள்ளங்கள் நாலாம் நாள் தேடப் போகவில்லை. ஓடிப்போனவனை எதற்குக் கடலில் தேட வேண்டும்?

கிளாரா தம்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னது ஒன்றே ஒன்று. “எனக்க புருஷன் முங்கியிருந்தா செட்டுல ஒரு வார்த்த சொல்லியிருப்பாரு. சொன்னா அது பெட்டிக்குள்ள இருக்கும். இருந்தா அவரு ஓடிப்போனவரு இல்ல.”

பெண்ணுக்கு மூளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் என்ன என்று ஜிபினிடம் நானே கேட்டேன். நானில்லாவிட்டாலும் யாராவது கேட்பார்கள்.

“முடியாது மாமி. நாலு டிஸ்க்குக்கும் பூட்டு ஒண்ணு. அதுக்க சாவி இந்தப் போர்டுல ஒரு சிப்புக்குள்ள கெடக்கு. போர்டு செத்தா டிஸ்க்கு வெறும் தகரம்.”

“சாவிக்கு ஒரு மறு சாவி வைக்கலியா மக்கா?”

“வச்சேன். அதையும் இந்தப் பெட்டிக்குள்ளதான் வச்சேன்.”

குவைத்தில் எட்டு வருடம். எது அந்தச் சிப் என்று மட்டும் கேட்டேன். காட்டித் தந்தான். சுண்டுவிரல் நகம் அளவு.

அவன் முறையாகத்தான் பார்த்தான், குறை சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவான். மெமரிக் கட்டைகளைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பித்தளைப் பல்லைத் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான். பவர் சப்ளையை மாற்றினான். வட்டமான பேட்டரியைக் கழற்றிப் புதிது போட்டான். பெங்களூரில் இருக்கும் கூட்டுக்காரன் ரெஜினுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொல்வான். பெட்டி ஓடத் தொடங்கும், டிஸ்க்குகளைத் திறக்குமுன் படுத்துவிடும். இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் பழுது.

“ரெஜினே, நேத்து ரெண்டாவது மெமரி ஸ்லாட்டு. இன்னைக்கு பவர் வயர் குத்துத இடம். எப்படிலே பழுது நடந்து போவும்?”

“பச்சக் களிம்பு உண்டா?”

“உண்டு.”

“பின்ன என்னலே, உப்புக்காத்துதான்.”

எங்கள் கரையில் எது கெட்டாலும் உப்புக்காற்றுதான். மின்விசிறி துருப்பிடித்தால், ஜன்னல் கம்பி உதிர்ந்தால், பிரிட்ஜ் ஓட்டையானால், அதற்குமேல் யாரும் காரணம் தேடுவதில்லை. ஜிபின் கடல் பக்கத்து ஜன்னலை அடைத்து, இடுக்கில் செலோடேப் ஒட்டினான். பெட்டியை உள்ளறைக்கு மாற்றினான். அக்காவும் தம்பியும் சாமான் வாங்க வடசேரிப் பக்கம் போகும்போது சாவியை என்னிடம் தருவார்கள். “மாமி, ஜன்னலத் தொறந்துராதிய” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவான். நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

பழுது நடந்து போனதற்குக் காரணம், அடுத்து அவன் எதைப் பார்க்கப் போகிறான் என்பது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டதுதான். காது குடையும் பஞ்சுக்குச்சியை உப்புத் தண்ணீரில் நனைத்து, சொன்ன இடத்தில் ஒரு தடவு தடவுவேன். ஒரே இடத்தில் தடவினால் சந்தேகம் வரும். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மீன்குழம்பும் கொடுப்பேன். கிளாரா அந்த நாட்களில் சரியாகச் சமைப்பதில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை முற்பகல் பெட்டி ஓடியேவிட்டது. அந்த வாரம் அவர்கள் எங்கும் போகவில்லை, அதனால். ஜிபின் என்னையும் கூப்பிட்டான். அந்த நாளின் பேச்சு மணிக்கு ஒன்றாக வரிசையாக இருந்தது. எந்நேரம் என்று தெரியாததால் காலை எட்டிலிருந்து வைத்தான். முதலில் கேட்டது என் குரல்தான். லீலாபாயின் மருமகள் மாமியாரோடு போட்ட சண்டையை நடுக்கடலில் இருக்கும் ஒருவனுக்கு விவரித்துக்கொண்டிருந்தேன்.

“மாமி, கடல்லயும் ஒங்களுக்கு வியாபாரம் உண்டா?” என்று கிளாரா சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நானும் சிரித்தேன்.

“அடுத்தது ஒம்பது மணி” என்றான் ஜிபின்.

வெற்றிலை துப்பிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனேன். வராந்தாவில் மீட்டருக்குக் கீழே ஃபியூஸ் கட்டை. பிடுங்கினேன். அந்த வருடம் கரண்டு போகாத நாள் ஏது? ‘எளவு, போச்சா’ என்று உள்ளே சத்தம் கேட்டது. கால்மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்தினேன். பெட்டி மூன்று தரம் பீப் அடித்துவிட்டு நின்றது.

ஒன்பது மணிப் பேச்சில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்பதே முக்காலுக்கு ஜான்ரோஸ் இருக்கிறான்.

“மாமி, ஜான்ரோஸ் பேசுயேன். வேற வள்ளம் ஒண்ணும் செட்டுல கிடைக்கல. என்ஜின் நின்னுபோச்சு. வள்ளத்துல வெள்ளம் ஏறுது. கடல் நீவாடு வள்ளத்தத் தெக்க இழுத்துட்டுப் போவுது. கரைக்குச் சொல்லுங்க, ஆரையாவது வரச் சொல்லுங்க.”

“பேடிக்காத மக்கா, சொல்லியேன்” என்றேன்.

சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு முறை உண்டு. சேதியைக் கிடைத்த சூட்டிலேயே கொட்டமாட்டேன். காலை பத்து மணிக்குக் குழாயடியில் நாலு பேர்தான் இருப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மீன் ஏலத்துக்கு முழுக் கரையும் வந்துவிடும். வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை ஒரு பகல் முழுக்க வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று, வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். என்ஜின் நிற்பதும் கடலில் வாரம் ஒருமுறை நடப்பது. ஒரு மணிக்கு மறுபடி பேசினான். குரல் தேய்ந்திருந்தது. “வந்துகிட்டிருக்காவ மக்கா” என்றேன், அவனுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

நாலு மணிக்கு ஏலத்துக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் கிளாரா முந்திக்கொண்டாள். “மாமி, அவரு இன்னும் வரல. செட்டுல எதாவது கேட்டியளா?” காலையிலேயே தெரியும் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? “இல்லியே மக்கா” என்றேன். ஒரு தரம் இல்லை என்று சொன்ன பிறகு, அவன் எங்கே என்று நான்தானே சொல்ல வேண்டும். எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள். மூன்றாம் நாள், கொல்லம் என்று சொன்னேன். வாயில் முதலில் வந்த ஊர் அதுதான்.

மீதி கொஞ்சம்தான். போர்டைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனால் அந்தச் சிப்பை மட்டும் உயிரோடு எடுத்துத் தர ஆள் இருக்கிறான், திங்கட்கிழமை போகிறேன் என்று ஜிபின் ரெஜினிடம் சொன்னது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூசைக்குப் போனார்கள். எனக்குக் கால்வலி, சாவி என்னிடம். உள்ளறைக்குப் போய், சுவிட்சைப் போட்டுவிட்டு, அவன் காட்டித் தந்த இடத்தில் அரைத் தம்ளர் கடல்தண்ணீர் ஊற்றினேன். சின்னதாக ஒரு சத்தம், கொஞ்சம் புகை நாற்றம். சுவிட்சை அணைத்து, என் துவர்த்துத் துண்டால் துடைத்து, ஃபேன் போட்டு உலர்த்தினேன். செலோடேப்பும் கொஞ்சம் பிய்ந்திருந்தது, திரும்ப ஒட்டிவிட்டேன்.

“கடக்கரையில இதையெல்லாம் வைப்பாங்களா?” என்று செத்த சிப்பைப் பார்த்துத் திருவனந்தபுரத்துக்காரன் கேட்டானாம். ஜிபின் வந்து அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, “ஜன்னல முதல்லயே அடைச்சிருக்கணும்க்கா, எனக்க தப்புதான்” என்று அழுதான். நானும் கூட இருந்தேன். யாராவது இருக்க வேண்டுமே.

மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் ‘புறணி பேசினேன், சுவாமி’ என்று சொல்கிறேன். இதுவும் அதில் அடங்கும்.

2015இல் ஜிபின் என் இளைய மகள் ஸ்மிதாவைக் கட்டிக்கொண்டான். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள், தடை சொல்ல ஒருவரும் இல்லை. நல்ல பையன். பெங்களூருக்குக் குடிபோய்விட்டார்கள். லீலாபாயின் மருமகள் தனிக்குடித்தனம் போய்விட்டாள். ரெஜின் ஒரு மலையாளத்துப் பெண்ணைக் கட்டினான் என்று கேள்வி.

கிளாரா கொல்லத்துக்குப் போனாள். எறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. வேலை முடிந்ததும் ஹார்பருக்குப் போய், வருகிற வள்ளங்களில் ஜான்ரோஸின் போட்டோவைக் காட்டிக் கேட்கிறாளாம். ஐந்து வருடமாகிறது. வேறொரு பெண்ணோடு பார்த்தாலும் கோபப்படமாட்டேன், ஒரு தரம் பார்த்தால் போதும் என்று போனில் சொன்னாள். மற்றவளாயிருந்தால் வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்கார்ந்திருப்பாள். இவளுக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்கிறது. அந்த உதவியை அவளுக்கு வேறு யார் செய்திருப்பார்கள்?