மாதா படத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

எனக்கு மேடையில பேசத் தெரியாதுங்க... நடந்த ஒண்ணை அப்படியே சொல்றேன். சின்னதுதான், கேளுங்க.

நான் ஆயாவா இருக்கிற குழந்தைகள் இல்லம் உங்களுக்குத் தெரியும். குன்னூர்க் குளிருக்கு அங்க பாய்லர் உண்டு. வெந்நீர் பெரிய குழாயில கட்டடத்தைச் சுத்தி வரும். அதுல இருந்து ஒவ்வொரு ரூமு சுவத்து ஹீட்டருக்கும் ஒரு சின்னக் குழாய், தனி மோட்டார். மோட்டாரை நிறுத்தினா ரூம் ஆறிடும். குழாய் போட்டது யாரு? எங்க வீட்டுக்காரர் செபஸ்தியான்... போன மாசம் நீங்க எல்லாரும் வந்து மண்ணு போட்டீங்களே, அவருதான்.

ஒரு நாள் நல்ல வெயில். ரூம் மோட்டாரை நிறுத்தியாச்சு. என் மடியில இருந்த கைக்குழந்தைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. பால் குடிக்கல... கண்ணு திறக்கல. நாங்க என்ன பண்ணோம்? காய்ச்சல்னு நினைச்சு இன்னொரு கம்பளி போர்த்தினோம். அப்புறம்தான் சுவத்து ஹீட்டர்ல என் கை பட்டுச்சு. அய்யோ, அப்படிச் சுடுது. கம்பளியை உருவிப் போட்டுட்டு, எல்லாப் பிள்ளைங்களையும் வராந்தாவுக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

அவரு வந்தாரு. இல்லத்தை நடத்துற சிஸ்டர் கேட்டாங்க.

"மோட்டார் ஓடலையே செபஸ்தியான், தண்ணியை யாரு தள்றது?"

"பெரிய குழாயோட மோட்டார்தான் சிஸ்டர். அதுல இருந்து ரூமுக்குத் தண்ணி பிரியிற ஜாயிண்டும், திரும்பி அதுலயே சேர்ற ஜாயிண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். நான் தூரம் விட்டுட்டேன். அந்தத் தூரத்துல அது தள்ற தள்ளு இந்த ரூமுக்குள்ள பூந்துடுது."

"ஏன் விட்டீங்க?"

"குழாய் போற சுவத்துல, நடுவுல மாதா படம்... அதுக்கு நேர் கீழே ரம்பம் போட மனசு வரல. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வச்சேன்."

"இப்ப படத்தை எடுக்கணுமா?"

"எடுங்க சிஸ்டர். அவங்களும் பிள்ளை பெத்தவங்க, கோவிச்சுக்க மாட்டாங்க."

அவரு அறுத்து, ரெண்டையும் ஒட்ட வச்சு மாட்டுற வரைக்கும் நான் வராந்தாவுல விசிறிக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் அந்தப் பிள்ளை வீல்னு அழுதுச்சு. அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்? உங்க வீட்டுல ஒருத்தர் ஒண்ணு கேட்டா, பதிலைத் தள்ளிப் போடாதீங்க. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல தூரம் விட்டீங்கன்னா, ஊர்ப்பேச்சு தள்ற தள்ளு உங்க வீட்டுக்குள்ள வந்துடும். நீங்க நிறுத்தினாலும் நிக்காது.

அவரு கடைசியா வீட்டை விட்டுப் போன அன்னைக்கு, வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே, "வரட்டா வெரோணி?"ன்னு கேட்டாரு. அடுப்படியில இருந்தே சொன்னேன், "பாத்து வாங்க."

உடனே சொன்னேங்க... அது ஒண்ணுதான் இப்ப என்னைத் தூங்க விடுது.