தொடைக்குள் இருக்கும் கம்பி

ஹார்பர் லோக்கல் ரயிலில் எனக்கு எதிரே, ஆஸ்பத்திரி ஃபைலோடு ஒரு புருஷன் பொண்டாட்டி.

"ரேடியேசன் கரண்ட் வைக்கைல தொடைல இருக்க கம்பி ஒடஞ்சிரும்ட்டி," என்றார் அவர்.

ஓசியில் படம் கிடைத்த சந்தோஷத்தில் இயர்போனைக் கழற்றினேன்.

"டாக்டர் ஒண்ணும் ஆகாதுன்னாரே?"

"அவருக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும்? லேப்ல கதிர் பட்ட இரும்ப ஒடச்சுப் பாத்தவன் நான். உள்ள அணுவெல்லாம் எடம் மாறி, அங்கங்க ஓட்டையாயிரும். இரும்பு முன்னவிட கெட்டியாவும், ஆனா வளையாது. பிஸ்கட் மாதிரி படக்குனு ஒடையும்."

"அரே, அது ரியாக்டருக்குள்ள வருசக்கணக்கா கெடந்த இரும்பு! நீங்கதான சொல்வீங்க? ஒங்களுக்குக் கொஞ்ச நேரம்தான வைப்பாங்க."

அவர் தொடையைத் தடவிப் பார்த்தார்.

"காலைல இருந்து கம்பி, கம்பி! கட்டியப் பத்தி ஒரு வார்த்த பேசுனீங்களா?"

"இரும்புன்னா எனக்குத் தெரியும்ட்டி," என்றார். "கட்டியப் பத்தி ஒண்ணுமே தெரியலயே."