துளை வழியே தெரிந்த படகுத்துறை

நினைவுக்கல் திறப்புக்கு வந்தவர்கள் நான், அதைச் செதுக்கிய என் மருமகள் எனோரா, பங்குத்தந்தை கெர்வெல்லா, என் மகன் படகில் போன மாலுமியின் விதவை சொவாசிக். காற்று அதிகமில்லை, ஐயா. வெண்ணெய்ப் பணியாரம் நன்றாக வெந்திருந்தது.

என் மகன், எனோராவின் கணவன், குல்வென் தலைவனாக இருந்த படகு நான்கு வருடம் முன்பு மூழ்கியது. ஒரு உடலும் கரை சேரவில்லை. எங்கள் தீவில் அப்படிப் போனவர்களுக்கு மெழுகில் சிறு சிலுவை செய்து, இரவெல்லாம் கண்விழித்து, அதையே அடக்கம் செய்வோம். என் மகனின் சிலுவையை நான்தான் சுமந்தேன். எங்கள் வீட்டில் அப்பன், பாட்டன் எல்லோரும் படகுத் தலைவர்கள். எவனும் தன் ஆட்களை விட்டுவிட்டுக் கரையேறியதில்லை.

எனோராவின் கல் ஆளுயரம், வெள்ளை. அலை மடிவதுபோல் ஒரே வளைவு, நடுவில் ஒரு துளை. வேறொன்றுமில்லை.

"ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டியப் பாக்கவா மேடேறி வந்தேன்? என் புருஷன் பேருக்கு இதுல இடமில்லையாடி?" என்றாள் சொவாசிக்.

"பேரு இருந்தா பேரைத்தான் படிப்பீங்க அக்கா, கடலைப் பாக்க மாட்டீங்க. மாமா, நீங்க குனிஞ்சு பாருங்க."

எரிச்சலோடுதான் குனிந்தேன். நல்ல வேலைப்பாடு, ஒப்புக்கொள்கிறேன். அத்தனை பெரிய கடல் ஒரு தட்டளவாகி அடங்கி நின்றது. அதன் கீழ்விளிம்பில் படகுத்துறை. அங்கே ஒருவன் இடது தோளைச் சாய்த்து நடந்து வந்துகொண்டிருந்தான். எங்கள் வீட்டு ஆண்களின் நடை.

மற்றவர்கள் பணியாரத்துக்கு நகர்ந்தார்கள். நான் கீழே இறங்கினேன்.

"அப்பா, மிதவைல நான் மட்டும் ஏறிட்டேன். தண்ணில கிடந்தவங்க கூப்பிட்டாங்க, திரும்பல. சொவாசிக்கிட்ட சொல்லிடறேன். அதுக்குத்தான் வந்தேன்."

அவன்மேல் பிரெஸ்ட் நகரத்து சோப்பு வாசம் அடித்தது. நான்கு வருடமாக நான் கறுப்பு உடுத்துகிறேன்; இவன் தினமும் குளித்திருக்கிறான்.

"யார் நீ?" என்றேன்.

"விளையாடாதீங்கப்பா."

துறையில் படகு இழுக்கும் கொக்கிக்கழி கிடந்தது. கடல்நீர் வேகமாக உள்வாங்கும் நேரம். விளிம்பைப் பற்றிய அவன் விரல்களையும் அதே கழியால் விடுவித்தேன்.

மேலே வந்தபோது எனோரா கல்லின் முன் குனிந்து நின்றாள். துளை எனக்கு மட்டும் வெட்டியதல்ல என்பதை நான் யோசிக்கவில்லை.

நான் என் மகனைக் கொன்றேன் என்று ஊரில் பேசுகிறார்களாம். தவறு, ஐயா. என் மகனுக்கு நான்கு வருடம் முன்பே அடக்கம் முடிந்துவிட்டது.