எழுநூற்று இருபத்தைந்தாவது சுற்று

— பல்லு வலின்னுதான வந்த, வேலுமணி? அப்புறம் எதுக்குக் கால மட்டும் பெஞ்சுக்கு அடியில ஒளிச்சு வைக்கிற?

— ஒளிக்கலைங்க சிஸ்டர். குளுருக்கு அடக்கமா வச்சிருக்கேன்.

— ஏசுவே. ரெண்டு வருசமா நம்ம பங்குக் கோயில் மருத்துவக் குழுவோட மாசந்தவறாம இந்த ஜெயிலுக்கு வாரேன். ஒன்னைய மாதிரிப் பொய் சொல்லத் தெரியாத கைதிய நான் பாத்ததில்ல. காலக் காட்டு, ராசா.

— சின்னக் கொப்புளம்ங்க. இதுக்குப் போயி ஒங்க சோலியக் கெடுத்துக்கிட்டு.

— கொப்புளமா இது? பெருவெரலுக்கு அடியில குழி விழுந்து கெடக்கு. ஒனக்குச் சக்கர வேற எரநூத்தி எம்பது. செருப்பு எங்க?

— அவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன் சிஸ்டர். ஒரு மாசமா வெறுங்கால்ல முற்றத்தச் சுத்திச் சுத்தி நடக்குறான். வெள்ளனே கதவத் தொறந்தா ஆரம்பிச்சிருவான். கேட்டா, ஒடம்பக் கொறைக்கேன் வார்டரய்யாங்கிறான். இவன் ஒடம்புல கொறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

— எங்கப்பா நடந்து போற?

— பழனிக்குங்க.

— இந்த நாலு செவுத்துக்குள்ளயா?

— மக எட்டு வருசம் கழிச்சு உண்டானா. பிள்ள நல்லபடியாப் பொறந்தா தைப்பூசத்துக்கு வெறுங்கால்ல நடந்து வாரேன்னு முருகனுக்கு நேந்துக்கிட்டேன். பேத்தி பொறந்தா. அந்த வாரமே பூண்டு வயல்ல தண்ணிக் குழாயத் திருப்புறதுல பக்கத்துக் காட்டுக்காரனோட தகராறு. ஒரு அடிதான் அடிச்சேன். அவன் ரெண்டு பல்லு போச்சு, நான் இங்க வந்துட்டேன்.

— அதுக்கு?

— கொடைக்கானல்ல இருந்து பழனி அறுவத்தி நாலு கிலோமீட்டர். இந்த முற்றம் ஒரு சுத்து எம்பது மீட்டர். அப்ப எண்ணூறு சுத்து. நேத்தோட எழுநூத்தி இருவத்தஞ்சு முடிச்சிட்டேன். இன்னும் எழுவத்தஞ்சுதான். நாளக்கழிச்சுப் பூசம்.

— நான் சொல்றதக் கேளு. இதுக்கு மேல நடந்தா அந்த வெரல எடுக்க வேண்டி வரும்.

— எடுக்கட்டும்ங்க. பேத்தி பத்து வெரலோட முழுசா வந்து பொறந்திருக்கா. எனக்கு ஒண்ணு கொறஞ்சா என்ன?

— வெரலோட நிக்கும்னு யாரு சொன்னா? பேத்தியத் தூக்கி வச்சு நடக்க ஒனக்குக் காலு வேணாமா?

— சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. ஆறு கிலோமீட்டர் பாக்கி வச்சிட்டுக் கட்டில்ல படுத்தா எனக்குத் தூக்கம் வராது.

— எம்பது மீட்டர்னு யாரு அளந்தது?

— நாந்தான். காலடி வச்சு.

— காலடி வச்சுப் பூண்டுப் பாத்தி கட்டலாம். பழனிக்குப் போகலாமா? வார்டர் சார், இந்தாங்க, இடுப்பு அளக்குற டேப்பு. அந்த முனையப் புடிச்சுக்கிட்டு வெளிய வாங்க. வேலுமணி, நீ கால ஊணாம இங்கயே உக்காரு.

— இந்தத் துண்டு டேப்ப வச்சுச் செவுரு செவுரா அளக்கவா? என்னையக் குனிய வச்சே கொல்லப் போறீங்க சிஸ்டர்.

— குனிஞ்சாத் தொப்ப கொறையும் சார். ஒங்க சக்கரயயும் இப்பத்தான் பாத்தேன். நடங்க வெரசா.

— சிஸ்டர், அளந்து முடிச்சாச்சா? எவ்வளவுங்க?

— வந்துட்டேன், இரு. மூச்சு வாங்குது. ஒரு சுத்து தொண்ணூறு மீட்டர்.

— தொண்ணூறா?

— எழுநூத்தி இருவத்தஞ்ச தொண்ணூறால பெருக்கிப் பாரு. அறுவத்தஞ்சு கிலோமீட்டர் தாண்டிருச்சு. நீ நேத்தே பழனி போய்ச் சேந்துட்ட, ராசா.

— வார்டரய்யா, நெசமாவா?

— சிஸ்டர் சொன்னாச் சரியாத்தான்யா இருக்கும். அடிவாரத்த விட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்ட. இன்னும் நடந்தா தாராபுரம்தான்.

— அப்ப அந்த ஒரு கிலோமீட்டரத் திரும்பி நடக்கணுமேய்யா.

— பழனிக்குப் போனவன் எவன்யா திரும்பி நடந்து வர்றான்? எல்லாரும் பஸ்லதான் வருவான். ஒன் பஸ்ஸு அந்தா கெடக்குற கட்டிலு. பதினஞ்சு நாளைக்கு எறங்கக் கூடாது.

— முருகா. வந்து சேந்தது தெரியாம நடந்திருக்கேன் பாருங்க. மொட்ட போடணுமே.

— சனிக்கெழம முடிவெட்ட ஆளு வருவான். எனக்கும் சேத்துப் போட்டாலும் போட்டுருவான், முன்னாடியே சொல்லி வையி.

— சிஸ்டர், இந்தாங்க காலு. எவ்வளவு எரிஞ்சாலும் மருந்து போடுங்க. செருப்பும் குடுங்க, மாட்டிக்கிறேன்.

— அப்படி வா வழிக்கு. முடிஞ்சிருச்சு. சார், ரெண்டு பேரக் கூப்புட்டு இவனத் தாங்கலாக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

— போயிட்டான். சிரிச்சுக்கிட்டே போறான், பாருங்க. சிஸ்டர், டேப்போட இன்னொரு முனையப் புடிச்சது நானு.

— தெரியும் சார்.

— ஒரு செவுரு இருவது மீட்டர். நாலு செவுரு எம்பது. அவன் கணக்குல ஒரு அடி தப்பில்ல.

— பெறகு ஏன் நீங்க வாயத் தொறக்கல?

— அந்த வெரலப் பாத்தேன்ல. ஆனா நீங்க ஏசுவக் கும்புடுற வேதக்காரங்க. அவன் நேத்திக்கடன்ல ஆறு கிலோமீட்டரு அப்படியே கெடக்குதே, அதுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?

— கெடக்காது சார். செண்பகனூர்ல என் வீடு இங்க இருந்து ஆறு கிலோமீட்டர் இருக்கு. இன்னைக்கி நான் பஸ் ஏறல. என் செருப்ப ஒங்க மேசைக்கு அடியில வச்சிருங்க, அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன்.