பெயர் மறைத்த சந்தையும் ஒரு வலது மணிக்கட்டும்

என் பெயர் டோரீன் என்ட்விசில். வயது அறுபத்து மூன்று. போல்ட்டன் நகரில் டவர் தெருவில் கணவர் நெவிலுடன் வசிக்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு பயண முகவர் அலுவலகத்தில், வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் கவுன்டரில் வேலை பார்த்தேன். என் ஒரே மகள் ஹெலன். அவள் கணவர் கானர் ரைலி, கார்ஸ்டேல் டவுன் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவர் வேண்டுமென்றே கோல் விட்டார் என்ற புகார் தொடர்பாக ஆய்வாளர் ஷார்ப்பிள்ஸ் அழைத்ததன் பேரில் வந்து, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

எனக்குக் கால்பந்து தெரியாது. ஓர் அணியில் எத்தனை பேர் என்று ஆய்வாளர் கேட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள் என்றேன்.

நான்கு ஆண்டுகளாக இணையத்தில் உள்ள ஒரு பந்தயச் சந்தையில் கணக்கு வைத்திருக்கிறேன். அங்கே பந்தயக் கடையில் கட்டுவதுபோல் கட்டுவதில்லை. ஓர் அணி வெல்லும் என்பதை ஒருவர் ஒரு விலைக்கு விற்பார், இன்னொருவர் வாங்குவார். ஆட்டம் தொடங்கும்வரை விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஏறும் என்று தோன்றினால் வாங்கி விற்பேன், இறங்கும் என்று தோன்றினால் முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்குவேன். ஆட்டம் தொடங்குவதற்குள் வெளியே வந்துவிடுவேன். அதன் பிறகு யார் வென்றாலும் எனக்கு வருவது ஒன்றுதான். துருக்கிக்குப் போகாமலே பல வருடம் துருக்கி லிரா விற்றவள் நான். இதையும் அப்படித்தான் செய்தேன்.

விளையாட்டே தெரியாமல் இதில் லாபம் பார்க்க முடியுமா என்று ஆய்வாளர் மூன்று விதமாகக் கேட்டார். பெரிதாக வராது. கமிஷன் போக, குளிர்காலத்து கேஸ் பில்லுக்கு வரும். சில மாதம் அதுவும் வராது. கண் எரிச்சல் மட்டும் தவறாமல் வரும்.

அணியின் பெயர் கண்ணில் பட்டால் மனதில் ஓர் அபிப்பிராயம் வந்துவிடுகிறது. அபிப்பிராயம் வந்தால் பணம் போய்விடும். நெவிலுக்கு எல்லா அணியும் தெரியும், சனிக்கிழமைதோறும் பந்தயம் கட்டித் தோற்பார். ஆகவே திரையில் பெயர் வரும் இடத்தில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். "ஆஃப்சைடுன்னா என்னன்னு கேட்டா முழிப்ப. நீயெல்லாம் பந்தயம் ஆடுற" என்று நெவில் சொல்வார். "நான் முழிக்கிறதாலதான் வீடு சூடா இருக்கு. நீ போய் டீயப் போடு" என்பேன்.

ஆட்டக்காரரின் குடும்பத்தார் அவர் அணியின் மீது பந்தயம் வைக்கக் கூடாது என்று கானர் கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். "எங்க ஆட்டத்த மட்டும் தொடாதீங்க டோரீன். தெரியாமத் தொட்டாலும் போறது என் தலை." அன்று முதல் நெவில்தான் எனக்கு ஆட்டத்தைத் திறந்து தருவார். கார்ஸ்டேலை விட்டுவிட்டு வேறொன்றைத் திறந்து, பிளாஸ்திரி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, "இப்ப திரும்பு" என்பார். அதுவரை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

சம்பவத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, பழைய துணி அலமாரியை மாடியிலிருந்து இறக்கித் தர கானர் வந்தார். நெவில் வீட்டில் இல்லை. படி திரும்பும் இடத்தில் அலமாரி சரிந்து, அதற்கும் கைப்பிடிக் கட்டைக்கும் நடுவில் அவர் வலது மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. குளிர்பெட்டியில் உறைந்து கிடந்த பட்டாணிப் பையை எடுத்து அதன்மேல் வைத்தேன். "டாக்டர்கிட்ட காட்டு" என்றேன். "காட்டினா சனிக்கிழமை உட்கார வெச்சிருவாங்க. நீங்க ஒண்ணும் பாக்கல, சரியா?" என்று சிரித்தார். டீக்கோப்பையை மற்றக் கையால் எடுத்தார். இதை நான் எவரிடமும் சொல்லவில்லை, நெவிலிடம்கூட.

அதன் பிறகு சனிக்கிழமை கார்ஸ்டேலின் ஆட்டம் வெளியூரில் நடந்ததால், நெவில் ரசிகர்கள் பேருந்தில் போய்விட்டார். ஒரு வாரம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டிய திரையில், விலை வேகமாக நகரும் ஆட்டம் எதுவென்று தேடி அதை நானே திறந்தேன். ஓர் அணியின் விலை சரிந்துகொண்டிருந்தது. ஏன் சரிகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் என் வழக்கம். விற்றேன். திரும்ப வாங்க வேண்டிய நேரத்தில், மூன்று வாரமாகக் காத்திருந்த பாய்லர் பழுதுபார்ப்பவர் கதவைத் தட்டினார். கீழே போய், தண்ணீர் அடைக்கும் குழாய் எங்கே என்று காட்டிவிட்டு மேலே வந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. கோல் விழுந்ததால் சந்தையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்படி நான் மாட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை. எந்த ஆட்டம் என்று பார்க்கப் பிளாஸ்திரியை உரித்தேன். நான் விற்றிருந்தது கார்ஸ்டேலை.

அதன் பிறகு சந்தை திறந்தது. அப்போது வாங்கி வெளியேறியிருக்கலாம். இனித் தொட்டால் தெரிந்தே தொட்டதாகிவிடும் என்று நினைத்துக் கணினியை அணைத்தேன். அணைத்ததால் விற்றது விற்றபடியே இருந்தது. கார்ஸ்டேல் மூன்று கோல் வாங்கித் தோற்றது. என் கணக்கில் அதுவரை வந்த லாபங்களிலேயே அதுதான் பெரியது. பேருந்திலிருந்து இறங்கி வந்த நெவிலிடம் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து கேட்டார். "நாலு வருஷத்துல ஒரு தடவை உருப்படியா சம்பாதிச்ச. அதுவும் மாப்பிள்ளைய வித்து" என்றார்.

பிறகு சந்தை நிறுவனம் என் கணக்கை முடக்கியது. காவல்துறையினர் கானரை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள்.

நேற்று ஹெலன் வந்தாள். கானர் அவளிடம் கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "அம்மா, அந்தக் கை விஷயத்த மட்டும் சொல்லாதீங்க. ஜூன்ல கான்ட்ராக்ட் முடியுது. அடிபட்டத மறைச்சு ஆடினவர எந்தக் கிளப் எடுக்கும்?" என்றாள். "சொல்லலன்னா வேணும்னே விட்டார்னு ஆயிரும்டி" என்றேன். "அத அவங்க நிரூபிக்கணும். இத நீங்களே எழுதிக் கொடுக்கறீங்க" என்றாள். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். இன்று அவள்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டாள். வெளியே காத்திருக்கிறாள்.

ஆய்வாளர் அந்த மூன்று கோல்களையும் எனக்குப் போட்டுக் காட்டினார். ஓர் ஆட்டத்தை நான் உட்கார்ந்து பார்த்தது இதுவே முதல் முறை. மூன்றும் கானருக்கு வலது பக்கமாகவே போயின. மூன்றாவதற்கு, பக்கத்திலிருக்கும் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, எட்டாத கையைக் குறுக்கே நீட்டினார். "கை இருந்தும் நீட்டல பாருங்க. உங்களுக்கே தெரியலயா?" என்று ஆய்வாளர் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதன் பிறகே அலமாரியையும் பட்டாணிப் பையையும் பற்றிச் சொன்னேன். அதற்கு முன் இரண்டு விசாரணைகளில் நான் அதைச் சொல்லவில்லை.

மேலே உள்ளதை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். வியாழக்கிழமை அடிபட்டது "இடது மணிக்கட்டு" என்று எழுதப்பட்டிருந்தது. அப்படியே விட்டால் அந்த மூன்று கோல்களோடு பொருந்தாமல் இந்த வாக்குமூலம் கானருக்கு உதவாது என்பதும், திருத்தினால் அடிபட்டதை மறைத்து ஆடியது உறுதியாகி அவர் இனி எங்கும் ஆட முடியாமல் போகலாம் என்பதும் எனக்குப் புரிந்தது. "வலது" என்று திருத்தச் சொல்லி, பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. நான் அறிந்தவரை அனைத்தும் உண்மை என ஒப்புகிறேன்.

(ஒப்பம்)
டோரீன் என்ட்விசில்